அத்தானைப் பேசவைத்த சின்னப் புத்தகங்கள்

அவைக்கு அழகு சேர்க்கும் அன்புத் தலைவர் அவர்களே! எடுத்துச் சென்ற நூலைத் திருப்பித் தராதவர்களையும் திட்டாமல் சிரித்தே திருத்தும் நூலகர் அம்மா அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தை நெஞ்சின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, அதையும் மீறி ஆர்வத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் சுவரில் சாய்ந்து நிற்பதே சுகம் என்று முடிவு செய்துவிட்ட பின்வரிசைத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கண்ணாடிக் கடைக்காரியின் கனிவான வணக்கம்.

ஆம், நான் கண்ணாடிக் கடை நடத்துகிறவள். இங்கே இருக்கும் மூக்குகளில் பாதிக்கு மேல் நான் மாட்டிவிட்ட கண்ணாடிதான். அதனால் இந்த மேடையிலிருந்து உங்களைப் பார்க்கும்போது, என் கடையின் காட்சிப் பெட்டியே எழுந்து வந்து எதிரே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

இந்த நூலகத்தில் இன்று ஒரு புது அடுக்கு திறந்திருக்கிறோம். சொற்கள் எங்கே பிறந்தன என்று சொல்லும் சின்னப் புத்தகங்கள். மறந்து போவதை மறக்காமல் வைக்கும் வழி சொல்லும் சின்னப் புத்தகங்கள். வரலாற்றைப் பக்கத்துக்கு ஒரு சேதியாக உருட்டித் தரும் சின்னப் புத்தகங்கள். எனக்கு முன்னால் பேசிய தமிழாசிரியர் ஐயா, இவையெல்லாம் நொறுக்குத் தீனி, வயிறு நிறையாது என்றார். ஐயா என் வாடிக்கையாளர். அவர் கண்ணின் பவர் எனக்கு முன்பே தெரியும், பேச்சின் பவரை இன்றுதான் பார்த்தேன். அவரை மறுத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சொல்ல ஒரு கதை இருக்கிறது. நடந்த கதை. என் வீட்டில் நடந்த கதை.

அதற்கு முன் ஒன்று செய்வோமா? எல்லோரும் இடது கையை மடக்கி, முன்னால் நீட்டுங்கள். தலைவர் அவர்கள் பதற வேண்டாம், இது போராட்டம் அல்ல. சுட்டுவிரலின் முட்டியில் தொடங்குங்கள். முட்டி ஜனவரி, பள்ளம் பிப்ரவரி. முட்டி மார்ச், பள்ளம் ஏப்ரல். அப்படியே போனால் சுண்டுவிரல் முட்டியில் ஜூலை வந்து நிற்கும். மறுபடி சுட்டுவிரலுக்குத் தாவுங்கள், அங்கே ஆகஸ்ட். முட்டியில் நிற்கும் மாதத்துக்கெல்லாம் முப்பத்தொரு நாள். பள்ளத்தில் விழுந்த மாதத்துக்கு அது கிடையாது. பார்த்தீர்களா? பஞ்சாங்கம் உங்கள் கையிலேயே இருக்கிறது, சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். அந்தக் கடைசி வரிசையில் ஒருவர் இன்னும் கையை இறக்கவில்லை. செப்டம்பரில் சிக்கிக்கொண்டார் போலிருக்கிறது. நிதானமாக வாருங்கள் ஐயா, காத்திருக்கிறோம்.

இப்போது உங்கள் முகங்களில் ஒரு சிரிப்பு வந்ததே, அந்தச் சிரிப்புக்குப் பெயர் என்ன? அறிவா? விளையாட்டா? பக்கத்தில் இருப்பவரின் கையை எட்டிப் பார்த்தீர்களே, இதற்கு முன் அவரோடு பேசியிருக்கிறீர்களா?

என் கடையில் கிட்டப் பார்வையைச் சோதிக்கப் பொடி எழுத்து வேண்டும். அதற்கு நான் இந்தச் சின்னப் புத்தகங்களைத்தான் நீட்டுவேன். ஒருமுறை ஒரு பெரியவருக்குச் சொற்பிறப்புப் புத்தகத்தைக் கொடுத்து, தெரிகிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. வேறு கண்ணாடி மாற்றிக் கேட்டேன். பதில் இல்லை. காதுதான் கோளாறோ என்று நான் நினைத்த வேளையில், அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “தெரியுதும்மா. இந்தப் பக்கம் முடியட்டும்.” அன்று அவருக்குப் பின்னால் காத்திருந்தவர்கள் எல்லோரும் அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்கள். முடித்தவர், படித்ததை அவர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

என் அக்காவின் கணவர், என் அத்தான், பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்பவர். எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும் வேலை. அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் கூச்சல் இருக்கும், குழந்தை அழும், கண்டக்டர் கத்துவார், அத்தனைக்கும் நடுவில் அத்தான் குரல் மட்டும் வெண்ணெயில் இறங்கும் கத்தியைப் போல வழுக்கிக்கொண்டு வரும். பேருந்தைத் தவறவிட்டவர்கள்கூட அந்தக் குரல் சொன்னதால் கோபப்படாமல் போவார்கள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சின்னப் புத்தகப் பைத்தியம். சாப்பாட்டுப் பையில் ஒன்று, தலையணைக்குக் கீழே ஒன்று, குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஒன்று. படித்ததை உடனே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். சொல்லத் தொடங்கும்போது “தெரியுமா?” என்றுதான் தொடங்குவார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே ‘தெரியுமா அத்தான்’.

என் அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதறுகிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பதறாமல் பகல் முழுக்க ஊர் சுற்றும் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் அவளுக்குத் தேவை அமைதி. அவருக்குத் தேவை ஒரு காது. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் ஆரம்பித்துவிடுவார். இந்த மனுஷனுக்கு ஆக்சிலேட்டர் மட்டும்தான் வைத்திருக்கிறார்கள், பிரேக்கே இல்லை என்று அவள் என்னிடம் புலம்பாத வாரம் கிடையாது. ஒருநாள், இனிமேல் சாப்பிடும்போது வரலாறு கூடாது என்று சட்டமே போட்டுவிட்டாள். அத்தான் பணிந்தார். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் தொடர்ந்தார்.

இப்படிச் சிரிப்பும் சிடுசிடுப்புமாய்ப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அது நடந்தது. அத்தானின் குரல் கரகரத்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு மருத்துவர் பார்த்து, குரல்நாணில் ஒரு கட்டி, கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்தார்கள். சில நாட்கள் பேசவே கூடாது என்றார்கள், அத்தான் பேசவில்லை. பிறகு பேசலாம் என்றார்கள். குரல் பழையபடி இருக்காது, கரகரப்பு நிற்கும், ஆனால் பேசுவதால் எந்தக் கெடுதலும் இல்லை, பேசப் பேசத்தான் பலம் வரும் என்றார் மருத்துவர்.

அதைக் கேட்டுக்கொண்டு மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று தொலைபேசி அடித்தது. வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள். அக்கா குளியலறையில் இருந்தாள். அத்தான் எடுத்தார். “பாப்பா” என்றார். ஒரு சொல், ஒரே ஒரு சொல். மறுமுனையில் மகள் கேட்டாள்: “யார் பேசறீங்க? அப்பா இருக்காங்களா?”

பெரியோர்களே, தாய்மார்களே, அவள் மேல் தப்பில்லை. பிறந்த நாள் முதல் கேட்ட குரலைத்தானே அவள் எதிர்பார்த்தாள்? அத்தான் தொலைபேசியை மேசைமேல் வைத்தார். அதன்பிறகு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

மருத்துவர் சொன்ன ஓய்வு முடிந்தது. இவருடைய ஓய்வு முடியவில்லை. தலையாட்டுவார், கையைக் காட்டுவார், வேண்டியதை எழுதிக் காட்டுவார். பேருந்து நிலையத்தில் கணினிக் குரல் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டார்கள். நீங்கள் விசாரணை ஜன்னலில் உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று மேலாளர் நல்ல விதமாகத்தான் சொன்னார். விசாரணை ஜன்னலில் உட்கார்ந்தால் பேச வேண்டுமே. அத்தான் போகவில்லை. வீட்டில் இருந்த சின்னப் புத்தகங்களையெல்லாம் எடுத்து ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். சொல்ல வாய் இல்லாதவனுக்குச் சேதி எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ.

அமைதி வேண்டும், அமைதி வேண்டும் என்று கேட்டாளே என் அக்கா, அவளுக்கு அமைதி கிடைத்தது. அந்த அமைதியை அவளால் தாங்க முடிந்ததா? கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தும்முவதுகூடக் கேட்டது. கேட்க வேண்டிய ஒன்று மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் என் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்களுக்குப் போடும் நாற்காலியில் உட்கார்ந்து, “பேசச் சொல்லிக் கெஞ்சிட்டேன், திட்டிட்டேன், அழுதும் பாத்துட்டேன். என்னடி செய்யறது?” என்றாள். எனக்கும் தெரியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அவர் புத்தகத்தை எடுத்து நீயாவது வாசித்துக் காட்டு என்று சொல்லிவைத்தேன்.

அன்று மாலை கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வெளியே வந்தது. அக்கா சொற்பிறப்புப் புத்தகத்தைத் திறந்து உரக்க வாசித்தாள். அத்தான் கட்டிலில் படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வாசித்தாள். சுவர்தான். அதற்கு அடுத்த நாள் வேலைக் களைப்பில் ஒரு வரியைத் தவறாக வாசித்துவிட்டாள். அத்தானின் புருவம் சுருங்கியதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் கால் எந்தப் பெடலைத் தேடுகிறது என்று பார்க்காமலே கண்டுபிடிக்கும் பயிற்சியாளர் அல்லவா? அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என் அக்கா தப்புத் தப்பாக வாசிக்கத் தொடங்கினாள். வாசிக்கக்கூட இல்லை, கண்ணுக்கு முன்னால் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டாள்.

“மேசை. மேல சாஞ்சுக்கறதுனால மேசை.” அத்தானின் விரல்கள் கட்டில் விளிம்பைப் பிடித்தன.

“அலமாரி. சாமானை அலைஞ்சு அலைஞ்சு மாறி மாறி வைக்கறதுனால அலமாரி.” அத்தான் எழுந்து உட்கார்ந்தார்.

“ஜன்னல். சன்னமா நல்ல காத்து வர்றதுனால சன்னல், அதுதான் ஜன்னல்.” அத்தான் எழுந்து ஜன்னலுக்கே போய்விட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த என் அக்கா சிரிக்கவில்லை. இதுவும் தோற்றால் வேறு வழி இல்லை என்று அவளுக்குத் தெரியும். குரல் நடுங்காமல் அடுத்ததைச் சொன்னாள்:

“சாவி. பூட்டுக்குச் சாவு குடுக்கறதுனால சாவி.”

அத்தான் திரும்பினார்.

“தப்பு.”

மணல்தாளை மரத்தில் தேய்த்தது போன்ற குரல். அக்கா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவாள். இல்லையே, இங்கே அப்படித்தான் போட்டிருக்கிறது என்று ஒரே பிடியாகப் பிடித்தாள்.

“தப்பு. அது போர்ச்சுகீசியச் சொல்லு. கடல் தாண்டி வந்தது. சாவி மட்டும் இல்ல. ஜன்னலும்தான், மேசையும்தான், அலமாரியும்தான். நாலும் ஒரே ஊர்க்காரங்க.”

“நாலுக்கும் பதிலை உள்ளயே வச்சுக்கிட்டா உக்காந்திருந்தீங்க?” என்று கேட்டாள் என் அக்கா. அதற்குமேல் அவளால் முடியவில்லை. புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்றே மகளுக்குத் தொலைபேசி போட்டு அத்தான் கையில் திணித்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதற்குள் மறுமுனையில் மகள் எடுத்துவிட்டாள். அத்தானுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. என்ன பேசுவது என்று தெரியாத நேரத்தில் அவர் வாழ்நாள் முழுக்க எதைப் பேசினாரோ அதையே பேசினார். “தெரியுமா? டிசம்பர்னா பத்தாவது மாசம்னு அர்த்தம். நாமதான் பன்னிரண்டாவதா வச்சிருக்கோம்.”

மறுமுனையில் “அப்பா” என்றாள் மகள். அடுத்த மூச்சில், “அது ஏம்ப்பா அப்படி?” என்றாள்.

குரலைக் கேட்டு அவள் அப்பாவைக் கண்டுபிடிக்கவில்லை. கேள்வியைக் கேட்டுக் கண்டுபிடித்தாள். பழைய ரோமானியர்களுக்கு ஆண்டு மார்ச்சில் தொடங்கியது, அதனால் அவர்கள் கணக்கில் டிசம்பர் பத்தாவது என்று அத்தான் விளக்கினார், நிறுத்தினார், தண்ணீர் குடித்தார், மறுபடி விளக்கினார். எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் முன்னால் கடிகாரத்தை வைத்திருக்கிறார் தலைவர், நானும் பார்க்கவில்லை.

வீட்டில் வந்த குரல் வெளியே வர வேண்டாமா? அத்தான் விசாரணை ஜன்னலுக்குப் போகத் தொடங்கினார். ஜன்னல் வழியாகக் கேட்பவர்களுக்குக் குனிந்து மெல்லப் பதில் சொல்வார். ஒலிபெருக்கி இருக்கும் அறைப்பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். தனியாக ஒருவரிடம் கரகரப்பது வேறு, நிலையம் முழுக்கக் கரகரப்பது வேறு என்று அவர் நினைத்தார்.

அந்த நிலையத்தைப் புதுப்பித்துக் கட்டி முடித்தார்கள். ஒரு காலையில் மேடைகளையெல்லாம் மாற்றி அமைத்தார்கள். பேருந்துகள் புது இடத்தில் வந்து நின்றன. பெயர்ப்பலகைகள் இன்னும் வரவில்லை. கணினிக் குரலோ பழைய எண்களையே பாடிக்கொண்டிருந்தது. என்ன ஆகும்? மலைக்குப் போக வேண்டியவர் துறைமுகத்துப் பேருந்தில் ஏறினார். மருத்துவமனைக்கு அவசரமாகப் போக வேண்டிய ஓர் அம்மா, மருந்துச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேடைக்கு மேடை ஓடினார். மேலாளர் பதிவை நிறுத்தினார். கூட்டம் மொத்தமும் விசாரணை ஜன்னலை நோக்கி நகர்ந்தது. அத்தான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். அவ்வளவு நாள் திரும்பாத பக்கம் திரும்பினார். ஒலிபெருக்கியின் முன்னால் உட்கார்ந்தார்.

எண்ணை மட்டும் சொன்னால் இந்த அவசரத்தில் யாருக்கு நினைவிருக்கும்? அத்தானுக்கு, நினைவுக்கலைப் புத்தகத்தில் படித்த ஒரு வழி கைகொடுத்தது. எண்ணோடு ஓசை ஒத்துப்போகும் ஒரு பொருளை முடிச்சுப் போட்டுவிட்டால் எண் மறக்காது என்ற வழி. கரகரவென்று, ஆனால் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

“ஒண்ணு, மண்ணு. மலைக்குப் போறவங்க ஒண்ணாம் மேடை. ரெண்டு, செண்டு. பூங்காவுக்கு ரெண்டு. மூணு, மீனு. துறைமுகம் மூணு. நாலு, நூலு. நூல் மில்லுக்கு நாலு. அஞ்சு, பஞ்சு. ஆஸ்பத்திரிக்கு அஞ்சு.”

முதலில் நிலையம் திகைத்தது. யாரோ சிரித்தார்கள், அது அந்தக் குரலைக் கேட்டா, பாட்டைக் கேட்டா என்று தெரியாது. மில் தொழிலாளி ஒருவர் அந்த ஒலிபெருக்கி அறையின் ஜன்னலுக்கே வந்து, பஞ்சு என்றால் எங்கள் மில்தானே, அஞ்சில் ஏறட்டுமா என்று கேட்டார். அத்தான் அந்தக் கேள்விக்கும் ஒலிபெருக்கியிலேயே பதில் சொன்னார்: “மில்லுக்கு நூலு. பஞ்சு, காயத்துக்கு.” இந்த முறை நிலையமே சிரித்தது. எந்தச் சிரிப்பு என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை.

சிரித்தவர்கள் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். ஒண்ணு மண்ணு, ரெண்டு செண்டு. கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். அந்த அம்மா அஞ்சாம் மேடைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, அதன் கண்ணாடி வழியாக ஒலிபெருக்கி அறையைத் தேடிக் கையெடுத்துக் கும்பிட்டார். அத்தான் பார்க்கவில்லை. அவர் மறுபடி ஒண்ணிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சொல்லுக்கு ஊர் எது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். என்ன ஆகப்போகிறது என்று தெரியாமல்தானே நாம் சிரிக்கிறோம், பாடுகிறோம், பக்கத்து வீட்டோடு பேசுகிறோம்? வாழ்க்கையின் பெரிய கேள்விகளுக்குப் பெரிய நூல்கள் விடை சொல்லட்டும், தலை வணங்குகிறேன். ஆனால் வாயடைத்துப் போய் ஒரே அறையில் இருவர் உட்கார்ந்திருக்கும் மாலையில், முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பது எது? துக்கம் விசாரிக்கத் தெரியாதவனுக்கும், மன்னிப்புக் கேட்க வராதவனுக்கும், அன்பைச் சொல்லக் கூச்சப்படுகிறவனுக்கும், கையில் பிடித்துக்கொள்ள ஒரு சேதி வேண்டாமா? படித்ததும் பகிரத் தோன்றும் பக்கங்கள் இவை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவத் துடிக்கும் சேதிகள் இவை. தனியாக வைத்துக்கொள்ள முடியாத இன்பம் இது.

பலகைகள் வந்துவிட்டன. கணினிக் குரலைத் திருத்த வந்தவர்களிடம் மேலாளர், அது வேண்டாம், இவரையே வைத்துப் பதிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். இன்று அந்த நிலையத்தில் ஒலிப்பது என் அத்தானின் குரல். கரகரப்போடு, கம்பீரத்தோடு, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒலிக்கிறது.

போன வாரம் என் அக்காவிடம் கார் கற்றுக்கொள்ளும் பெண் ஒருத்தி என் கடைக்கு வந்தாள். உங்கள் அக்கா எங்கள் எல்லோரையும் பேருந்து நிலைய வாசலில்தான் வண்டியை நிறுத்திப் பழகச் சொல்கிறார்கள், அங்கேதான் நெரிசல் அதிகம், வேறு இடமே இல்லையா என்று குறைப்பட்டுக்கொண்டாள். அதை நான் அக்காவிடம் கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அங்கதான் நல்லாக் கேக்குது” என்றாள்.

இவ்வளவு நேரம் செவி கொடுத்த சான்றோர்களே, சிரிப்பும் கொடுத்த தாய்மார்களே, வெளியே போகும்போது அந்தப் புது அடுக்கின் பக்கம் ஒரு நடை போங்கள். ஏதாவது ஒன்றை எடுங்கள், ஏதாவது ஒரு பக்கத்தைத் திறவுங்கள், வீட்டுக்குப் போய் யாரிடமாவது அதைச் சொல்லுங்கள். பேச வாய்ப்புத் தந்த தலைவருக்கும், பேசவிட்ட உங்கள் பொறுமைக்கும், மேடைக்கு இந்தக் கடைக்காரியைக் கூப்பிடத் துணிந்த நூலகர் அம்மாவுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.